தட்டுக்கு எதிரில்

தட்டை வைத்தாகிவிட்டது, இனி உட்கார வேண்டியதுதான், உட்காருவதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே குழந்தைவேலு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சோறு, நெய் விட்ட பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அவித்த முட்டை, டம்ளரில் மோர். இவ்வளவுதான். பம்பு கம்பெனி கேன்டீனில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் பேச்சுக்கு நடுவே, தாங்கள் சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விடுகிற அளவுச் சோறு. அந்தச் சோற்றுக்கு முன்னால் அவன் மகள் பிரணிதா, பதினொன்றாம் வகுப்புப் பெண், தெரியாத கேள்வித்தாளைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். இல்லை, அப்படி இல்லை, கேள்வித்தாளைப் பார்த்து அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. பாம்பைப் பார்க்கிற மாதிரி. அது அசைந்தால் ஓடிவிடலாம் என்று பார்க்கிற மாதிரி. பங்குனி வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது. கணபதிப் பகுதியில் இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் இந்நேரம் மின்விசிறி நின்றிருக்காது. இவள் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் முதுகில் வேர்வை ஓடியது. வேர்க்கிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. பசித்தது, அதுவும் வெட்கமாக இருந்தது. "சாப்பிடு கண்ணு" என்றான். ஒரு தடவைதான் சொல்லலாம். காலையில் மனைவி சாந்தாமணி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். "சத்தம் போடாதீங்க. கெஞ்சவும் கெஞ்சாதீங்க. டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?" இருந்தது. தட்டு காலியாகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. சோற்றைப் பற்றிப் பேசக் கூடாது. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் தனியாக பாத்ரூமுக்கு விடக் கூடாது. சாந்தாமணிக்கு லீவு தீர்ந்துவிட்டது, துணிக்கடையில் இனி பில் போட ஆள் இல்லாமல் விட மாட்டேன் என்றுவிட்டார்கள், இன்றையிலிருந்து அவன் லீவு போட்டிருக்கிறான், மத்தியானச் சோறு அவன் பொறுப்பு. ஒரு தட்டுச் சோறு. இதற்குப் போய் ஒரு மனுஷனுக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளுமா.

அவள் ஒரு கையை வெளியே எடுத்தாள். விரல் நுனிகள் நீலமாக இருந்தன. ஒரு பருக்கையை, சரியாக ஒற்றைப் பருக்கையை, மற்றவற்றிலிருந்து பிரித்து ஓரத்துக்குத் தள்ளினாள், பிறகு இன்னொன்று. சத்தம் போடக் கூடாது. அவன் பார்வையைத் திருப்பிச் சுவரில் இருந்த ஃபோட்டோவைப் பார்த்தான், அதுவும் தப்பு, அதில் அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவில் கோகோ அணியோடு நிற்கிறாள், கன்னம் உப்பி, வாயெல்லாம் பல்லாக. அந்தப் பிள்ளை எங்கே போனாள்? எந்த நாளில் போனாள்? அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அங்கே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்பது போல அவன் மனசு தினமும் அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் உடல் பரிசோதனை என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எடை பார்த்தார்களே, ஒருவர் பார்க்க ஒருவர் எழுத, எடையை உரக்கச் சொல்லி, பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்களாமே, அன்றைக்கா? வீட்டுக்கு வந்து சொன்னாள்தான். அவன் டிவி பார்த்துக்கொண்டு, "அட, வளர்ற பிள்ளைக்கு அதெல்லாம் இருக்குமாட்ட" என்றான். அன்றைக்கேயா? இல்லை, ஆண்டு விழா நடனத்தில் பின் வரிசைக்குத் தள்ளினார்களே, அப்போதா? டாக்டரம்மா சொன்னார், "ஒரு காரணம் இருக்கும்னு தேடாதீங்க, இதுக்கு ஒத்தக் காரணம் கெடையாது." சொல்லிவிட்டார். தேடாமல் இருப்பது எப்படி என்று சொல்லவில்லை. முதலில் எண்ணெய்ப் பலகாரத்தை விட்டாள், நல்லதுதானே என்றார்கள். அப்புறம் இனிப்பு. அப்புறம் ராத்திரிச் சோறு. விடியற்காலையில் மொட்டை மாடியில் நடந்தாள், நடந்துகொண்டே பாடம் படித்தாள், அவன் கம்பெனியில் போய்ப் பெருமையாகச் சொன்னான், எம்பட பிள்ளைக்கு எத்தனை கட்டுப்பாடு தெரியுமா என்று. மைத்துனன் கல்யாணத்தில் அத்தனை பேரும் சுற்றி நின்று சொன்னார்கள், அம்மிணி எப்பிடி ஸ்லிம் ஆயிட்டா பாரு, அடையாளமே தெரியல. அடையாளம் தெரியாமல் போனதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், இவனும் சிரித்தான், அவள் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பா, இது நேத்து வெச்சதவிட அதிகமா இருக்குது." அவள் தட்டைப் பார்த்தே சொன்னாள். அதிகமா? அதே கரண்டி, அதே கணக்கு. இல்லை, ஒருவேளை கூடிவிட்டதோ? பதில் சொல்லக் கூடாது, பேரம் ஆரம்பித்தால் முடியாது. "டாக்டரம்மா சொன்ன அளவுதான் கண்ணு." "நீங்க நெய்ய ஊத்தீட்டீங்க. அம்மா இத்தனை ஊத்தமாட்டாங்க." "அதே நெய்தான்." "பொய்." பொய் என்ற வார்த்தை அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது. அவள்தான் ஒரு வருஷமாகப் பொய் சொன்னாள், சாப்பிட்டேன்ப்பா, ஸ்கூல்லயே சாப்பிட்டேன், ஃபிரண்டு பிறந்த நாள் கேக்கு, வயிறு ஃபுல்லா இருக்குது, ஒவ்வொன்றையும் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், ஒரு துளி தடுமாறாமல். சின்ன வயசில் பென்சில் தொலைத்ததைக்கூட மறைக்கத் தெரியாமல் அழுகிற பிள்ளை. பால்கனித் தொட்டியில் செம்பருத்தி பட்டுப்போனதே என்று சாந்தாமணி மண்ணைக் கிளறினாள், மண்ணுக்குள் சோறு, பழைய சோறு, பூசணம் பிடித்து, எறும்பு மொய்த்து. அதைப் பார்த்தும்கூட அவர்களுக்குப் புரியவில்லை. கல்லீரல் கோளாறு என்று நாட்டு வைத்தியரிடம் போனார்கள், பசி எடுக்க டானிக் எழுதிக் கொடுத்தார் இன்னொருவர், மாதவிலக்கு நின்றுபோய்விட்டது என்று சாந்தாமணி அவனிடம் சொல்லவே வெட்கப்பட்டு ரத்தச் சோகை என்று மட்டும் சொன்னாள். தலைக்குக் குளித்தால் ஜலதாரையை அடைக்கிற அளவுக்கு முடி. தண்ணீர் மாறினதால் என்றார்கள். கண்ணெதிரே ஒரு பிள்ளை உருகிப் போய்க்கொண்டிருக்க, வீட்டில் எல்லாரும் தண்ணீரையும் வெயிலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்டது அவள் உயிரியல் டீச்சர், ஜெசிந்தா மிஸ். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பவில்லை, தானாகவே ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தார், இதே நாற்காலியில் உட்கார்ந்து, பிரணிதா டியூஷனுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து. "சார், உங்க பொண்ணு டிபன் பாக்ஸ் தினமும் பக்கத்துல இருக்கிற பொண்ணு கையில போயிடுது. ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் மாடிப்படி ஏறி ஏறி இறங்குறா. கை எப்பவும் ஐஸ் மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." இவனுக்குச் சுள்ளென்று ஏறியது. "எங்க வீட்டுல சோத்துக்குப் பஞ்சமுங்களா மிஸ்? நாங்க பாக்காததை நீங்க என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்டான். அந்த அம்மா கோபப்படவில்லை. "சோறு இல்லாத குறை இல்ல சார். இது ஒரு நோய். அவ வேணும்னு பண்ணல. அடம் இல்ல. தயவுசெஞ்சு அடிக்காதீங்க, திட்டாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மனநல டாக்டர்கிட்ட." மனநல டாக்டர் என்றதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினான். படி இறங்குகிற சத்தம் கேட்டது, பாதியில் நின்றது, திரும்பி வருகிறாரோ என்று நினைத்தான், வரவில்லை. அதற்கடுத்த வாரம் காலைப் பிரார்த்தனையில் பிரணிதா சுருண்டு விழுந்தாள், மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தது அந்த ஜெசிந்தா மிஸ்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈசிஜி காகிதத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார், இதயம் மெதுவாகத் துடிக்கிறது, இருக்கிற சக்தியைச் சேமிக்கப் பார்க்கிறது, இப்படியே விட்டால் ஒருநாள் நின்றும் போகலாம். பதினாறு வயசுப் பிள்ளைக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். எடை ஏறவில்லை என்றால் வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய். வெள்ளிக்கிழமை. இன்றைக்கு என்ன கிழமை, புதன், புதன் மத்தியானம், அவள் இன்னும் முட்டையைத்தான் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் கருவைத் தனியாக, வெள்ளையைத் தனியாக, வெள்ளையை இன்னும் சின்னதாக, விரலில் ஒட்டியதைத் துண்டில் துடைத்து, மறுபடி துடைத்து.

ஃபோன் அடித்தது. அவன் அக்கா, அவினாசியிலிருந்து. எடுக்காமல் விட்டிருக்கலாம். "ஏன்டா, புள்ள உண்டாளா? நான் சொன்னேனல்ல, யாரோ கண்ணு வெச்சிருக்கறாங்க. அந்த டாக்டர்கிட்டப் போயி பைத்தியம்னு பேரு வாங்கிக் குடுத்துறாதீங்க, நாளைக்கு ஒரு வரன் வர வேண்டாமா?" "அக்கா, அப்புறம் பேசறேன்." "ரெண்டு அறை விட்டா தானா உண்பாடா. நம்ம எல்லாம் அப்பிடித்தான வளந்தோம்?" வைத்துவிட்டான். அறை. அறைந்திருக்கிறான். போன மாசம், டாக்டரிடம் போவதற்கு முன்னால், தோசையைப் பையில் ஒளித்ததற்கு. கன்னத்தில் சதையே இல்லை, நேராக எலும்பில் பட்டது, அந்தச் சத்தம் கையிலேயே தங்கிவிட்டது. அவள் அழவில்லை. அப்பா கை வலிக்குதா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். இப்போது நிமிர்ந்து பார்க்கிறாள், ஃபோனில் என்ன பேசினார்கள் என்று காதில் விழுந்திருக்கும், எல்லாமே அவள் காதில் விழுகிறது. "அத்தை என்னைய பைத்தியம்னு சொன்னாங்களா?" "இல்ல கண்ணு." "பைத்தியம்தான. இல்லாட்டி எதுக்கு இப்படி மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?" அவன் முறைக்கவில்லை. முறைக்கிறானா? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சிரித்தால் கேலி என்கிறாள், சும்மா இருந்தால் முறைப்பு என்கிறாள். "நீங்க என்னைய குண்டாக்கிப் பாக்கணும்னே இருக்கீங்க. உங்களுக்கு எம்மேல பாசமே இல்ல. நீங்க எங்கப்பாவே இல்ல." அது நோய் பேசுவது, பிரணிதா பேசவில்லை என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் குரல் அவளுடையதாக இருக்கிறதே. ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்த அதே குரல்தானே. நோய்க்கு இவள் குரலை யார் கொடுத்தது? இதில் எந்த வார்த்தை அவள் வார்த்தை, எது அதன் வார்த்தை, பிரிக்க முடியுமா, பருக்கை பருக்கையாகப் பிரிக்கிறாளே அப்படி? காலையில் அவள் தூங்கும்போது பக்கத்தில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான், போர்வைக்கு மேலே தெரிந்த கையில் பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம், குளிருக்கு உடம்பே போர்த்திக்கொள்கிறதாம். இந்த உடம்பு இத்தனை பாடுபடுகிறது உயிரோடு இருக்க. அவளுக்கு எதிராகவே பாடுபடுகிறது. "சாப்பிடு கண்ணு" என்று இரண்டாம் தடவை சொல்லிவிட்டான், குரல் உடைந்து, கெஞ்சலாகத்தான் வந்தது, சொன்ன உடனே தெரிந்தது.

அந்தக் கெஞ்சலில் என்ன இருந்ததோ, அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்து விசிறினாள். தட்டு சுவரில் மோதித் தரையில் சுழன்று சுழன்று நின்றது. பருப்பு சுவரில் வழிந்தது. மோர் டம்ளர் உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. கீழ் வீட்டில் யாரோ என்னாச்சு என்று கேட்டார்கள். அவன் எழுந்து நின்றான், கை ஓங்கியே விட்டது, தானாக, தோள் உயரம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அடித்துவிடு என்பது போல. அடித்தால் இந்தச் சோற்று வேளை இதோடு முடிந்துவிடும், அழுகையில், சண்டையில், கதவு அடைத்துக்கொள்வதில் மத்தியானம் போய்விடும், அதுதான் வேண்டும் அதற்கு, அந்த நோய்க்கு. கை மெல்ல இறங்கியது. இறக்கியது யார் என்று தெரியவில்லை. "வா" என்றான். "சமையக்கட்டுக்கு வா. மறுபடி வெக்கலாம்." அவளைத் தனியாக விட முடியாது, அதனால் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான், மணிக்கட்டு அவன் விரல்களுக்குள் அப்படியே அடங்கிப்போனது, நாடி எங்கோ தூரத்தில் அடித்தது, ஒன்று அடித்துவிட்டு அடுத்ததை யோசிக்கிற மாதிரி. குக்கரில் அரிசி போட்டான், பருப்பு மிச்சம் இருந்தது, முட்டை ஒன்றை அடுப்பில் ஏற்றினான். தண்ணீர் அளவு தெரியாமல் கொஞ்சம் கூடிவிட்டது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு, டாக்டரம்மா மாசக் கணக்கில் என்றார், சிலருக்கு வருஷம் என்றார், ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சோறும் நடுவில் பாலும் பழமும், ஒவ்வொன்றும் இப்படியா, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சுவரா. முடியாது. தன்னால் முடியாது. வெள்ளிக்கிழமை குழாயே போட்டுவிடட்டும், குறைந்தபட்சம் குழாய் முகத்தைப் பார்த்து அழாது. திரும்பினான். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அடுப்பு மேடையை ஒட்டி, இரண்டு கையையும் சூட்டுக்கு நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. குளிர். அவ்வளவு குளிர் அவளுக்கு. குக்கர் விசில் அடித்ததும் உடம்பு தூக்கிப்போட்டது, ஆனாலும் நகரவில்லை. "அப்பா" என்றாள். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது. "ம்?" "எனக்குப் பசிக்குதுப்பா."

அவன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று இந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டு. "எப்பவும் பசிக்குது. கிளாஸ்ல, தூக்கத்துல, எப்பவும். ஆனா சாப்பிட்டா அது விடாதுப்பா. நீ ஒண்ணுக்கும் ஆகாதவ, உன்னால இதுகூட அடக்க முடியலயான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். சாப்பிடாம இருந்தாத்தான் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் அவன் வாதாடிக்கொண்டிருந்தது யாரோடு? இவள் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்திருக்கிறாள், இவன் வெளியே நின்று கதவை அவள்தான் சாத்தினாள் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கட்டிப்பிடித்து அழலாம் என்று வந்தது. அழுதால் மறுபடியும் மத்தியானம் அழுகையில் போய்விடும். "அது சொல்லட்டும் கண்ணு" என்றான். "நீ அதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான் பக்கத்துல இருக்கறேன். சாப்பிடச் சொன்னது நாந்தான், உம்பட தப்பு இல்ல, திட்டறதுன்னா என்னையத் திட்டட்டும்." சரியாகச் சொன்னானா, தெரியவில்லை, எந்த டாக்டரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சமையலறைத் தரையிலேயே, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அதே அளவு சோறு, குழைந்துபோன சோறு, அதே பருப்பு, நெய், முட்டை. வறுவல் இல்லை, அதற்குப் பதில் வாழைப்பழம். அவள் பிசைந்தாள். முதல் வாயை எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அவன் குக்கர் மூடியின் ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போயிற்று. மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், விழுங்கினபோது தொண்டை எலும்பு ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகிற சத்தம் எதுவும் இல்லை. இன்னொரு வாய். "திட்டுதுப்பா." "ம். திட்டட்டும்." இன்னொரு வாய். சோறு ஆறிப்போனது. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டது. பாதித் தட்டில் அவள் நின்றாள். கையைத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள், முகமெல்லாம் ஈரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, மலையேறி வந்த பிள்ளை மாதிரி, "போதும்ல அப்பா? இத்தனை சாப்பிட்டேன்ல?" என்றாள்.

இத்தனை சாப்பிட்டாள். ஒரு வருஷத்தில் அவன் கண்ணால் பார்த்து இத்தனை சாப்பிட்டதில்லை. போதும் கண்ணு, எஞ்சாமி, போதும், எழுந்திரு என்று சொல்லத்தான் வாய் வந்தது, எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான் வரும், தலையைத் தடவி, வாயைக் கழுவிவிட்டு, மிச்சத்தை எடுத்து மூடி வைத்துவிடலாம், அவள் நன்றியோடு பார்ப்பாள், இன்றைக்கு ஒரு நாளாவது அப்பாவைப் பிடிக்கும். கேட்பது யார்? இவளா, அதுவா? இந்தக் கண்ணில் இருப்பது இவளுடைய களைப்பா, அதன் சாமர்த்தியமா? அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரிந்தது தட்டு மட்டும்தான், அதில் இன்னும் பாதி இருந்தது. "இன்னும் இருக்குது கண்ணு" என்றான். அவள் முகம் மாறிற்று. நம்பிக் கொடுத்த ஒன்றை அவன் தரையில் போட்டு மிதித்த மாதிரி பார்த்தாள், வெறுப்போடு, இப்படி ஒரு வெறுப்பை அவன் மனுஷ முகத்தில் பார்த்ததில்லை, அதுவும் தன் முகச்சாடையில் இருந்த முகத்தில். பார்வையைத் திருப்பிவிடலாம் என்று இருந்தது. திருப்பவில்லை. வெறுக்கட்டும், வெறுத்துக்கொண்டே உயிரோடு இருக்கட்டும், கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்து, கிழவியாகிற வரைக்கும் இந்த மத்தியானத்துக்காக அவனை வெறுத்துக்கொண்டே இருக்கட்டும். "உங்களை எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "சரி கண்ணு" என்றான். அவள் கை தட்டுக்குள் இறங்கியது. பருப்பு விரலெல்லாம் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது, அவள் துடைக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, பிடிவாதமாக, அடுத்த வாயை எடுத்து வைத்தாள்.